இடது மூலையில் ஓர் இளவரசன்

எங்கள் தெருவில் அந்த அம்மாவை எல்லோரும் ஹங்கேரி அன்ரி என்றே சொல்வார்கள். பிறந்தது மன்னார்ப் பக்கம். தாதியாக மெல்பேர்னுக்கு வந்தவர். ஹங்கேரிக்கு அவர் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் கணவரின் சாம்பலில் பாதியைக் கொண்டுபோய் அங்குள்ள ஓர் ஆற்றில் விடுவதற்காக. அந்தப் பயணத்துக்கு வேண்டிய பத்திரங்களை ஒழுங்குபண்ணிக் கொடுத்தவன் நான். இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற பிறகுதான் ஓர் உண்மை தெரிந்தது: உயிரோடு ஒருவரை எல்லை கடத்துவதைவிடச் சாம்பலாகக் கடத்துவது மிகவும் சுலபம்.

நோபல் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு, “ஆரோ ஒராள் குறையுது,” என்பார். பெரும்பாலும் உண்மையாகவே ஒருவர் குறைவார். ஏன் குறைகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதை ஒரு காரணமாக அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

என் பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளை எங்கள் வீட்டில் கொண்டாடினோம். மகளும் மருமகனும் பிரிந்துவிட்டிருந்தார்கள். மருமகன் பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் விட வேண்டும். வாசலுக்கு இப்பால் அவருக்கு அலுவல் இல்லை. அந்த ஒழுங்கை வரி வரியாக எழுதுவித்ததில் எனக்கும் பங்கு உண்டு. அன்றும் பிள்ளையை இறக்கிவிட்டுக் காருக்குத் திரும்பியவரை, தோட்டத்தில் நின்ற அன்ரி மறித்தார்.

“தம்பி, எங்கை ஓடுறீர்? கேக் வெட்டப் போகினம். படத்துக்கு வந்து நில்லும்.”

“இல்லை அன்ரி, நான் பிறகு...”

“பிறகு பிள்ளைக்கு ஆறு வயசாயிடும். வாரும்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மகள் தூண்போல நின்றாள். யாரோ படம் எடுத்தார்கள். என் மனைவி குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினாள். “ஹங்கேரிக்காரிக்கு மூளை பிசகிப்போச்சு, விசர். சும்மா விசரில்லை, முத்தின விசர்,” என்றாள்.

பேத்தி இப்போது உயர்தரப் பள்ளியில். அவள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரே பிறந்தநாள் படம் அதுதான். அதற்காக அன்ரி செய்தது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. அன்று பின்னேரம் முழுவதும் என் மகள் அழுததையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரியின் கணவர் நெடிய, அமைதியான மனிதர். ஹங்கேரியிலிருந்து சிறுவனாக அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர். கிறிஸ்தவக் கோயில்களுக்குப் படம் வரைவது அவருடைய தொழில். கூரை வரையும்போது சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, அன்ரி வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். “கால் பொருந்தினது, ஆள் போகேல்லை,” என்று அன்ரி தன் காதல் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

முட்டை மஞ்சட்கருவில் வண்ணப் பொடியைக் குழைத்துத்தான் அவர் வரைவார். பிறகு அன்ரியும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, ஆடைகளையும் மேகங்களையும் தானே நிரப்பினார். மிஞ்சும் வெள்ளைக்கரு ஒரு கிண்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வரும். எனக்குக் கொலஸ்ட்ரோல் இருந்தபடியால் மனைவி அதைத்தான் பொரித்துத் தருவாள். விக்டோரியா மாநிலத்தில் பல புனிதர்களின் முகம் பொலிந்ததற்கு என் காலைச் சாப்பாடு வெளுத்ததுதான் விலை.

அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர் சொன்ன முடிசூட்டு விதிகள். ஹங்கேரியில் ஒருவர் அரசராக வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகளாம். குறிப்பிட்ட அந்தக் கிரீடமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அந்தப் பேராயர் சூட்ட வேண்டும். குறிப்பிட்ட அந்த நகரத்தில் நடக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் செல்லாது. இதனால் ஓர் அரசருக்கு மூன்று தடவை முடிசூட்ட வேண்டிவந்ததாம். கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. அரசனாக இருந்தாலும் விண்ணப்பம் முழுமையாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பத் தெரிந்த ஒரு நாடு!

“அந்தக் கிரீடம் உங்கள் முதல் அரசருடையதா?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் நம்புகிறோம்,” என்றார் அவர் ஆங்கிலத்தில். “அவர் காலத்துக்குப் பிறகு செய்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் முடிசூட்டுவதில்லை.”

அந்த முதல் அரசர் புனிதராக்கப்பட்டவர். அவருடைய கதையை எனக்குச் சொன்னது அன்ரி, எங்கள் குசினிக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு.

“ராசாவுக்கு ஒரே மகன் மிஞ்சினவன், அண்ணை. வேட்டைக்குப் போன இடத்திலை பன்றி குத்திச் செத்துப்போனான். இனி ஆர் ராசா? ராசான்ரை சித்தப்பான்ரை மகன் ஒருத்தன் இருந்தவன். முறைப்படி அவன்தான். விட்டினமோ? கண்ணைப் பிடுங்கி, காதுக்குள்ளை ஈயத்தைக் காய்ச்சி ஊத்திப்போட்டினம்.”

“காது ஏன்?” என்றாள் என் மனைவி.

“கண் தெரியாட்டிலும் காது கேக்குதுதானே, ஆளலாம் எண்டு ஆரும் வழக்குப் பேசினால்?”

மேன்முறையீட்டுக்கு இடமே வைக்காத அந்த நிர்வாகத் திறமையை நான் மனதுக்குள் மெச்சினேன். “யார் செய்வித்தது? அரசரா?” என்று கேட்டேன்.

“ஒரு கதையிலை ராசாத்தி. ஒரு கதையிலை ராசா. கோயில் பிரசங்கத்திலை ஒருத்தருமில்லை. கடைசியிலை ராசா சாகேக்கை, வாரிசில்லை எண்டு கிரீடத்தைத் தூக்கி மாதாவிட்டைக் குடுத்தவராம், என்ரை சனத்தை நீ பார் எண்டு. அதைத்தான் அவையின்ரை கோயில் வழிய படமாய்க் கீறி வைச்சிருக்கினம். முழங்காலிலை ராசா, கையிலை கிரீடம், மேலை மாதா. பாக்க வலு வடிவு.” வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வாரிசில்லையாம், அண்ணை. வாரிசு பக்கத்து அறையிலை கண்ணிலை ரத்தம் வடிய இருக்குது. பிறகு அந்தக் குருடன்ரை பெடியள்தான் திரும்பி வந்து ஆண்டவை. அந்த வம்சம் முடியுமட்டும் அவன்ரை ரத்தம்தான். ஒரு படத்திலையும் ஆளைக் காணேல்லை.”

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்கள் விஷயத்திலும் அவர் இப்படித்தான். அதற்கொரு வைப்புமுறை உண்டு. பிறந்த ஊர், வசித்த ஊர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், பிறகு பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் என்று வரும். ஒழுங்கு பிசகினால் சாவீட்டிலேயே சண்டை வரும் என்பதால், எங்கள் பக்கத்தில் அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துசேர்ந்திருந்தது. மல்கிரேவில் ஒருவர் இறந்தபோதும் எழுதினேன். அவருடைய மூத்த மகள் வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். பெயர் வேண்டாம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். அறிவித்தலைச் சுற்றிப் பூவேலைக் கரை போட்டுத் தருவதற்காக வந்திருந்த அன்ரி அதை வாசித்தார்.

“மூத்தவளைக் காணேல்லையே?”

இறந்தவரின் மகன் சொன்னான், “அது தேவையில்லை, அன்ரி.”

“தேவையோ எண்டு நான் கேக்கேல்லை, தம்பி. பிறந்தவளோ இல்லையோ?”

தாய் அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில், “போடுங்கோ,” என்றாள். போட்டேன். அறிவித்தலைப் பார்த்துவிட்டு மூத்த மகள் செத்தவீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே அக்காவும் தம்பியும் வாய்ச்சண்டை பிடித்து, மண்டபக்காரர் வந்து விலக்க வேண்டியதாயிற்று. அந்த மகன் பிறகு அன்ரியைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவான். அன்ரி அவனுக்கும் தவறாமல் டிசம்பரில் நத்தாருக்குக் கேக் கொடுத்தனுப்புவார். அவன் தின்றானோ கொட்டினானோ தெரியாது.

அன்ரியின் கணவர் இறக்கும்போது ஒரு பெரிய பலகைப் படம் பாதியில் நின்றது. கிரேக்கர், இத்தாலியர், மால்டாக்காரர் எல்லோருடைய கோயில்களிலும் அவருடைய படங்கள் இருந்தன. தன் சொந்த ஹங்கேரிய மக்களின் சிற்றாலயத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. கடைசிக் காலத்தில் அந்தச் சபை அவரிடம் அரசர் கிரீடம் கொடுக்கும் காட்சியைக் கேட்டிருந்தது. அந்தப் படம் அங்கே தொங்க வேண்டும் என்பதுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்ட ஒரே விஷயம்.

படத்தை முடிக்கும் வேலை அன்ரிக்கு வந்தது. முகங்களைக் கடைசியில்தான் தீட்டுவார்கள் என்பதால், எல்லோருக்கும் முகத்துக்குப் பதிலாக வெளிறிய பச்சை வட்டம் மட்டும் இருந்தது. இடது கீழ் மூலை வெறுமையாகக் கிடந்தது. அந்த மூலைக்காகக் கணவனும் மனைவியும் பல வருடம் வாதாடியிருக்கிறார்கள். “அந்தக் குருடனைக் கீறினால் படத்தைத் தொங்கவிடமாட்டினம்,” என்பது கணவரின் கட்சி.

ஒருநாள் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணை, ஒரு மணித்தியாலம் வந்து கண்ணை மூடிக்கொண்டு இருப்பியளோ? முகம் ஒண்டு கீற வேணும்.”

“நானா? ஏன்?”

மனைவி உள்ளேயிருந்து சொன்னாள், “கூட்டிக்கொண்டு போ பிள்ளை. கந்தோரிலை இத்தனை வருசம் அதைத்தானே செய்தவர்.”

இரண்டு பின்னேரங்கள் கண்ணை மூடி, கைகளால் காதைப் பொத்திக்கொண்டு அவருடைய கராஜில் இருந்தேன். முகம் அரிக்கும். அசைந்தால், “குருடன் சொறியிறதில்லை,” என்பார். முடிந்தபோது பார்த்தேன். அரசருக்குப் பின்னால், தரையில், ஒரு கல்லில் சாய்ந்தபடி என் முகத்தோடு ஒருவன் இருந்தான். முழுப் படத்திலும் முகம் உள்ளவன் அவன் ஒருவன்தான்.

“இதை அவை ஏற்றுக்கொள்ளமாட்டினம்,” என்றேன். “உங்கடை அவர் கேட்டது படம் தொங்க வேணும் எண்டு.”

“ஓம். எனக்கும் அதுதான் வேணும்.”

“அப்ப இந்த ஆளை அழியுங்கோ.”

“இவனை அழிச்சால் அது படமில்லை, அண்ணை. பாஸ்போட் போட்டோ.” சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனவர், கழுவாமலே திரும்பி வந்தார். “தொங்காட்டில் அந்தாளுக்கு நான் என்ன சொல்லுறது?” என்றார். அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை.

சபை படத்தை வந்து பார்த்தது. எதிர்பார்த்தபடி ஒரு கூட்டம் வைத்தது. சபையின் யாப்பை, அதன் நிர்வாக விதிகளை, வாசிக்கத் தெரிந்த ஆள் என்று அன்ரி என்னையும் கூட்டிப்போனார். கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்றின் விதிகளைச் சைவன் ஒருவன் முதல் நாள் முழுக்க இருந்து படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பொதுக்கூட்டம் ஒப்புக்கொண்ட அன்பளிப்பைக் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று அதில் இருந்தது. இந்தப் படத்தை அவர்களுடைய பொதுக்கூட்டம் ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தது. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

தலைவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வோல்நட் கேக் கொடுத்து உபசரித்துவிட்டுத் தொடங்கினார். எல்லோரும் பேசியது ஆங்கிலத்தில். அன்ரி பேசியதை மட்டும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“இது புனிதருடைய படம், அம்மா. குற்றவியல் நீதிமன்றம் இல்லை,” என்றார் தலைவர்.

“புனிதருக்குச் சொந்தக்காரன் இருக்கக் கூடாதோ?”

“அந்தக் கதை எங்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அதற்காகப் பீடத்துக்கு மேலே வைப்பதா? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?”

“எல்லாருக்கும் தெரிஞ்சால் சொல்லுறதுக்கென்ன?”

ஓரத்தில் இருந்த ஒருவர், “நீங்கள் ஹங்கேரியர் இல்லை. உங்களுக்கு இது விளங்காது,” என்றார்.

“எங்கடை சனத்திலையும் ஆக்களை வெட்டிப்போட்டுப் படம் எடுக்கிற வழக்கம் இருக்கு, ஐயா. நல்லா விளங்குது.”

“தவிரவும்,” என்றார் தலைவர், “அந்த முகம் எங்கள் பக்கத்து முகமாகத் தெரியவில்லை.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு என் விதியை எடுத்து விட்டேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. படத்தை யாரும் தொடமாட்டார்கள், ஒரு துளி வண்ணம்கூட மாறாது என்றார். ஆனால் பீடத்துக்கு மேலே ஏற்கனவே பொன்பூசிய பழைய மரப் பிரேம் ஒன்று இருக்கிறது. படம் அதற்குள்தான் பொருந்த வேண்டும். பிரேமின் கீழ்ப்பக்கம் அகலமானது. இடது மூலை அதற்குள் மறைந்துபோகும். அன்பளிப்பு மாற்றப்படாது, வெறுமனே பொருத்தப்படும். அரசாங்கத்தில் நான் சந்தித்திருந்தால் அவரை என் குருவாக ஏற்றிருப்பேன். அதற்கு எதிராகச் சொல்ல விதியில் ஒரு வரிகூட இல்லை.

அன்ரி சண்டைக்கு எழும்புவார் என்று காத்திருந்தேன். அவர் மேசையில் சிந்திய கேக் துகளை விரலால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“சரி,” என்றார். “முகங்கள் கீற இன்னும் கொஞ்ச நாள் தாங்கோ. புனிதர் திருநாளுக்குத் தந்துவிடுறன்.”

தலைவருக்கு நிம்மதி. நான் விதிகளின் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி, “அவளும் மனிசிதானே. களைச்சுப்போனாள்,” என்றாள். அதற்குப் பிறகு அன்ரி கராஜ் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தார். வெள்ளைக்கரு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

ஆவணி மாதத்தில் அந்த அரசரின் திருநாள். இங்கே குளிர்காலம். சிற்றாலயத்தில் எல்லோரும் கோட்டோடு இருந்தார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். பூசைக்குப் பிறகு குருவானவர் திரையை இழுத்தார்.

மேலே மேகத்தில் மாதா, மடியில் குழந்தை. கீழே முழங்காலில் அரசர். கிரீடத்தை இரண்டு கையாலும் மேலே நீட்டிக்கொண்டிருந்தார். அதன் உச்சிச் சிலுவை, உண்மைக் கிரீடத்தில் இருப்பதுபோலவே ஒரு பக்கம் சரிந்திருந்தது. பக்கத்தில் அரசி, பேராயர், ஒரு வானதூதன். முகங்கள் எல்லாம் முடிந்திருந்தன. கணவர் தீட்டியிருந்தால்கூட இத்தனை உயிர் வந்திருக்குமா தெரியாது. இடது மூலையில் பிரேமின் அகலமான பொன்மரம் மட்டுமே இருந்தது. நான் அதற்கு அடியில் பத்திரமாகப் புதைந்திருந்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. என்ன பிழை என்று எனக்கும் உடனே பிடிபடவில்லை. மனைவிதான் என் முழங்கையில் இடித்தாள். “கண்ணைப் பாருங்கோ.”

அரசர் கிரீடத்தைப் பார்க்கவில்லை, மாதாவையும் பார்க்கவில்லை. கை மேலே நீண்டிருக்க, முகத்தைத் திருப்பித் தன் பின்னால், கீழே, இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசியும் அங்கேதான் பார்த்தாள், பார்க்க விரும்பாதவள்போல. பேராயரும் வானதூதனும் அங்கேயே பார்த்தார்கள். மாதா கிரீடத்தை வாங்கக் கையை நீட்டாமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த குழந்தை விரலால் சுட்டியும் காட்டியது. அத்தனை கண்ணும் போய் முட்டிய இடத்தில் வெறும் மரம்.

தலைவர் மெல்ல என் பக்கம் வந்தார். “இதற்கு நாம் சம்மதித்தோமா?”

“தீர்மானம் பிரேமைப் பற்றியது,” என்றேன். “யார் எங்கே பார்ப்பது என்று அதில் ஒன்றும் இல்லை.”

முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து போனாள். பீடத்துக்குப் பக்கத்தில் நுனிக்காலில் நின்று, பிரேமின் மூலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து பக்கத்திலிருந்த முதிய பெண்மணியிடம் ஏதோ கேட்டாள். அந்த அம்மா தலைவரைப் பார்த்தார், குருவானவரைப் பார்த்தார், பிறகு குனிந்து ஹங்கேரிய மொழியில் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் அவர் தன் இரண்டு கண்களையும் கையால் மூடிக் காட்டினார். பிறகு காதுகளைத் தொட்டார். பின்வரிசைகளிலும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். மண்டபம் முழுவதும் பெரியவர்களின் முணுமுணுப்புப் பரவியது.

அன்ரி கடைசி வரிசை வாங்கில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் மூலையைப் பார்க்கவில்லை. படத்தை மேலே தாங்கிநின்ற இரண்டு கம்பிகளையும் ஒன்று மாறி ஒன்றாகப் பார்த்தார்.

“இறுக்கமாய்த்தானே கட்டியிருக்கினம்?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். “இனிக் கழட்டமாட்டினம்.”

கைப்பையைத் திறந்து, கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார்.